குட்டை எண் பதினைந்து

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அருணாதேவி ஐந்து அறை வைத்து விடுதி நடத்திவந்தாள். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்து மலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது வருவதற்கு முன்பே போனில் நீச்சல் குளம் உண்டா என்று கேட்கிறார்கள். மனதை அடக்க வருகிறவர்களுக்குக் கை காலை நீட்ட இடம் வேண்டியிருக்கிறது.

எனவே அவளும் ஒரு குளம் வாங்கினாள். தோண்டும் வேலையெல்லாம் கிடையாது. இரும்புக் குழாய்களை வட்டமாக மாட்டி, நீலத் தார்ப்பாயைத் தொங்கவிட்டால் தரைக்கு மேலேயே இடுப்பளவு குளம் தயார். கணவர் சக்கரவர்த்தி பின்பக்கத்தில் மாட்டிக் கொடுத்தார். தண்ணீர் நிரம்பியதும் அருணாதேவி படம் எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்தே பெங்களூர் தியானக் குழு ஒன்று அடுத்த மாதத்துக்கு ஐந்து அறைகளையும் பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள் தண்ணீர் பச்சையானது.

சக்கரவர்த்தி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை அப்படியே கவிழ்த்தார். தண்ணீர் இரண்டு நாள் மோர் மாதிரி இருந்துவிட்டு, முன்பைவிடக் கெட்டியான பச்சைக்குத் திரும்பியது.

இந்த நிலையில்தான் நீர்நிலைக் கணக்கெடுப்பு அலுவலர் அர்ஜுனன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். அவர் பட்டியலில் பதினைந்து நீர்நிலைகள். பதினான்கைக் கண்டுபிடித்துவிட்டார். பதினைந்தாவது கல்யாண மண்டபமாகியிருந்தது. மண்டபத்தை இடிக்கச் சொல்வதைவிட வேறொரு குட்டையைக் கண்டுபிடிப்பது நிர்வாக ரீதியாக எளிது. டம்ளரை வாங்கும்போது அவர் பார்வை பின்வாசலைத் தாண்டிப் போயிற்று.

"எத்தினி நாளா இருக்குதும்மா இது?"

"பத்து நாளாச்சுங்க சார்."

"பத்து நாள்னு எழுத முடியாது. 'நெடுங்காலமாக'ன்னு போட்டுக்கறேன்."

"சார், இது நீச்சல் குளம்."

"குளம்னு நீங்களே சொல்றீங்க. பாசி இருக்குது. தவளை இருக்குதா?"

"ஒண்ணு இருக்குதுங்க" என்றார் சக்கரவர்த்தி. பொய் சொல்லி வழக்கமில்லாதவர்.

அடுத்த வாரம் பலகை வந்தது. 'குட்டை எண் 15. நீரை வெளியேற்றுவதும் ஆக்கிரமிப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.'

கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கலாம் என்றிருந்த அருணாதேவிக்கு அந்த வழி அடைபட்டது. இருக்கிற தண்ணீரையே தேற்ற வேண்டும். கெமிக்கல் கடை மஸ்தான் பாயிடம் போனாள்.

"ஒரேயடியா கொட்டக் கூடாதுக்கா. தண்ணிக்கும் டெய்லி காய்ச்சல் பாக்கணும்" என்றார் அவர். இரண்டு பக்கமாகத் தடுத்த சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் காட்டினார். "மஞ்ச கம்மியா வந்தா குளோரின் பத்தல. இந்தப் பக்கம் ரோஸ் ஜாஸ்தியானா காரம் ஜாஸ்தி. குளோரினைப் பொழுது சாஞ்சதும் போடுங்க, பகல்ல போட்டா வெயில் தின்னுடும். மோட்டாரை நிறுத்தாதீங்க, பில்டரைக் கழுவிக்கிட்டே இருங்க."

அவள் அப்படியே செய்தாள். காலையில் சொட்டு மருந்து, மதியம் பில்டர் கழுவல், சாயங்காலம் குளோரின். ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலித்தது. வலையால் இலை எடுக்கத் தெருவில் ஒருவரும் வரவில்லை. பச்சை வெளுத்துக் கலங்கல் ஆனது. கலங்கல் மெல்ல அடங்கியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது தார்ப்பாயின் அடித் தையல் இழை இழையாகத் தெரிந்தது. தண்ணீரின் மேல் மலை தலைகீழாக நின்றது. பத்தாவது பாஸானபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

மறுநாள் அர்ஜுனன் போட்டோ எடுக்க வந்தார்.

"குட்டை எங்கம்மா?"

"இதாங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "அடி தெரியுதே. மத்த பதினாலையும் பாத்துட்டேன், எதுலயும் அடி தெரியாது. இது நீர்நிலை இல்ல."

"அதைத்தான் சார் நானும் சொன்னேன். பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

"எடுத்தா குட்டை காணாமப் போச்சுன்னு ஆகும். யார் அழிச்சதுன்னு மேல கேப்பாங்க. கடைசியா அதுங்கூட இருந்தது நீங்கதான்."

பத்து நாளில் குட்டையை முந்தைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அருணாதேவி மோட்டாரை நிறுத்தினாள். ஆனால் அவள் பார்த்த வேலை சுத்தமான வேலை. ஐந்து நாளாகியும் தண்ணீர் பச்சையாக மறுத்தது. விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ஆளாளுக்கு உதவிக்கு வந்தார்கள். வாடிய மாலை வந்தது. ஊசிப்போன சாம்பார் வந்தது. பிளாஸ்டிக் கவர் கேட்காமலே வந்தது. மஸ்தான் பாய் இரண்டு கை யூரியா கொடுத்தார், காசு வாங்கவில்லை. சக்கரவர்த்தி வாய்க்காலிலிருந்து ஆறு தவளை பிடித்துவந்தார். ஒன்பதாம் நாள் அர்ஜுனன் போட்டோ எடுத்துக்கொண்டு, "இப்பத்தான் பாக்கறதுக்கு நீர்நிலை மாதிரி இருக்குது" என்று மனதாரப் பாராட்டினார்.

அன்று மாலையே பெங்களூர்க் குழு வந்து இறங்கியது. அருணாதேவி மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை மூன்று தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். குழுத் தலைவி கவியா பையை இறக்கிவைத்துவிட்டுக் குட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"கெமிக்கலே போடறதில்லையா?"

"இப்போ போடறதில்லைங்க."

"எவ்ளோ இயற்கையா இருக்கு" என்றாள் கவியா. பத்துப் பேரும் சுற்றி உட்கார்ந்து தவளைச் சத்தத்தில் தியானம் செய்தார்கள். தண்ணீரில் ஒருவரும் கால் வைக்கவில்லை. படம் மட்டும் ஊரெல்லாம் போனது.

இரண்டே மாதத்தில் செங்கம் ரோட்டு விடுதிகளில் பச்சைக் குளம் இல்லாதவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டார்கள். மஸ்தான் பாய் குளோரின் விற்பதை விட்டுவிட்டு, காலி டப்பாக்களில் அருணாதேவியின் பாசித் தண்ணீரை அடைத்து உறை மோர் போல விற்றார். அர்ஜுனன் ஒவ்வொன்றுக்கும் பலகை நட்டார். பட்டியல் முப்பத்தொன்றைத் தொட்டதும் அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

பட்டியல் மேலே போனது. மேலே உள்ளவர்கள் அதைக் கவனமாகப் படித்தார்கள். முப்பத்தொரு நீர்நிலைகள் உள்ள பகுதிக்குத் தெருக் குடிநீர் தினமும் தேவையில்லை, வாரம் ஒரு முறை போதும் என்று முடிவானது.

முதல் வாரம் குழாயடியில் தெருவே நின்றது. அருணாதேவி இரண்டு குடத்தோடு நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினாள். அடுத்த தெருவில் குடியிருக்கும் அர்ஜுனன், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு.

"உங்க வீட்டுலயும் தண்ணி இல்லையா சார்?"

"பட்டியல்ல இருக்குதும்மா" என்றார் அவர்.