நாற்றங்காலில் நான் பிடித்த திருடிகள்

பதினெட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. அந்த நம்பிக்கையோடுதான் பாகூரில் எங்கள் வயலுக்குப் போனேன்.

உலகச் சண்டையால் வந்த வினை அது. அப்பாவுக்கு சைகோனில் உத்தியோகம். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. நிலத்தைக் கவனித்துவந்த அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். அம்மாவுக்கு அழவே நேரம் போதவில்லை. மிச்சம் நான். புதுச்சேரி கன்னிமாடப் பள்ளியில் பிரெஞ்சும் பூவேலையும் படித்தவள். (வயலை வண்டியில் போகும்போது பார்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கும்.)

முதல் நாள், குடையும் கையுமாக வரப்பில் போனால், பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து இளம் பயிரை வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளை இல்லாத வீடு என்றுதானே இந்தத் துணிச்சல்?

"எல்லாத்தையும் கீழ போடுங்க. ஒரு பயிர் வரப்பு தாண்டக் கூடாது" என்றேன்.

நடவுப் பெண்களின் தலைவி அஞ்சலை நிமிர்ந்தாள். "இன்னா பாப்பா இப்பிடி சொல்ற? ஏரித் தண்ணி இன்னிக்குத்தான் நம்ம மொற. சாயங்காலம் மதக அடைச்சிடுவாங்க."

"போலீஸ்ல வந்து சொல்லு."

சொன்னபடியே வண்டிக்காரரிடம் புகார் கொடுத்தனுப்பினேன். பிரெஞ்சில் இரண்டு பக்கம், ஓர் இலக்கணப் பிழை கிடையாது. போலீஸ்காரர் வந்து சேர உச்சிவேளை ஆகிவிட்டது. அதுவரை பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் கட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாத்த புடுங்காம எப்படிம்மா நடுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நெல் ஓரிடத்தில் முளைத்து வேறிடத்தில் வளரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அரை நாள் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் நட்டாக வேண்டும், ஆள் போதாது. குடையை மடக்கினேன், சேலையைத் தூக்கிச் செருகினேன், சேற்றில் இறங்கினேன். மூன்றாவது அடியில் முழங்கால்வரை புதைந்தேன். நான்காவதில் குப்புற விழுந்தேன். போலீஸ்காரர் ஒரு கையையும் அஞ்சலை ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். ("வேரோட புடுங்குங்க" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.)

நட்டு முடித்தோம். என் வரிசை மட்டும் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்கும் வா பாப்பா" என்றாள். போனேன். அப்புறம் ஒரு நடவுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை.

சண்டை முடிந்து அப்பாவும் அண்ணனும் திரும்பினார்கள். "இனிமே நிலத்த நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். "நம்ம தண்ணி மொற என்னிக்கு, சொல்லு" என்றேன். விழித்தான். நிலம் என்னிடமே இருந்தது.

இந்தப் பெருமையெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கொல்லையில் கீரை பிடுங்க நான் குனிந்தால் போதும், மருமகள் உள்ளேயிருந்து கேட்கிறாள்: "அத்த, போலீசக் கூப்புடட்டுமா?"