கன்சாலோ முளைத்த விதம்

வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. கையில் இருக்கும் வேலையைக் கீழே வைக்க வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். ஒரு பொல்லாத கதை சொல்கிறேன். இதில் ராஜா இல்லை, பேய் இல்லை. ஒரு பீன்ஸ் விதை இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரால் வந்த வினைதான் எல்லாம்.

எலியோதோரோ அடுப்பின் மேல் குனிந்து, கொதிக்கிற பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கறுப்பு பீன்ஸ், வெங்காயம், பன்றிக் கொழுப்பு என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பானைக்குள் இருந்தன. கன்சாலோவும் இருந்தான். எந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை.

கன்சாலோ என்பது அவனுடைய ஐந்து வயது மகள் அனாயியின் பீன்ஸ். பாலர் பள்ளியில் டீச்சர் ஒல்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விதை கொடுத்து, ஊறவைத்து ஈரப் பஞ்சில் படுக்கவைத்துத் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தாள். அனாயி அதற்குப் பெயர் வைத்து, முத்தம் கொடுத்து, காப்பிக் கோப்பையில் ஊறப்போட்டுச் சமையல் மேடையில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே சமையலுக்கான பீன்ஸும் பானையில் ஊறிக்கொண்டிருந்தது. மெக்சிகோவின் இந்தக் கோவாதெபெக் ஊரில் பீன்ஸ் ஊறாத வீடு ஏது? கோப்பையில் ஒற்றையாகக் கிடந்ததைப் பார்த்த எலியோதோரோ, 'ஐயோ பாவம், கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிடக்கிறதே' என்று பானையில் சேர்த்து அடுப்பையும் பற்றவைத்துவிட்டான். அது யார் என்பது பானை கொதித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மனைவி கிரிசெல்டா ஊரில் இல்லை. தங்கைக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஹலாபாவுக்குப் போயிருந்தாள். எலியோதோரோ அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கன்சாலோவ வேக வெச்சிட்டேன்."

"யார வேக வெச்ச?"

விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் குழந்தைகள் அழுகிற சத்தத்துக்கு மேல் அவள் குரல் உயர்ந்தது.

"ஏன்யா, ரெண்டு வாரம் உன்ன நம்பி ஒரு பீன்ஸ விட்டுட்டுப் போக முடியல. புள்ளைய எங்க வெச்சிருக்க? அவ இருக்காளா, இல்ல அவளும் பானையிலயா?"

"தூங்கறா. இப்ப என்ன பண்றது, சொல்லு."

"மூட்டைல இருந்து ஒரு பீன்ஸ எடுத்துக் கோப்பைல போடு. இதுக்கு ஒரு போனா?"

எலியோதோரோவுக்கு அது சரியாகப் படவில்லை. மூட்டையில் இருப்பது யாரோ. கன்சாலோ பானையில் இருக்கிறான். பானையில் இருந்து எடுத்தால் அது கன்சாலோவாகவே இருக்கலாம், இல்லாவிட்டாலும் கூடவே வெந்த உறவாவது இருக்கும். பெற்ற பிள்ளையிடம் ஏமாற்று வேலை எதற்கு? நல்ல முழுசாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, ஈரப் பஞ்சில் படுக்கவைத்தான்.

இந்த அளவுக்கு அவன் மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தின மாதம் டீச்சர் ஒல்கா அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்திருந்தாள். உட்கார்ந்தது பிள்ளைகள் நாற்காலி. முழங்கால் தாடையில் இடித்தது.

"நிலா ஏன் நம்ம பஸ் பின்னாடியே வருதுன்னு அனாயி கேட்டாளாமே. என்ன சொன்னீங்க?"

"வாய மூடிட்டு உக்காருன்னேன் டீச்சர். பஸ்ல கூட்டம்."

"பூனைக்கு எதுக்கு மீசைன்னு கேட்டப்ப?"

"அம்மாவக் கேளுன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அப்பாவக் கேளுன்னா."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "இப்பல்லாம் அவ எதையுமே கேக்கறதில்ல. சும்மா உக்காந்திருக்கா. அஞ்சு வயசுல கேள்வி நின்னு போச்சுன்னா, அத எந்த டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியாது, தெரியுமா?"

அந்தப் பேச்சு எலியோதோரோவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அவன் வேலை பார்க்கும் தொர்த்தியாக் கடையில், சோள ரொட்டி தட்டுகிற இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அது குத்தும். அப்படியிருக்கையில்தான், விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய அனாயி, "அப்பா, இதுக்கு உள்ள இருட்டா இருக்குமா?" என்று கேட்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கொடுத்த பீன்ஸைத்தான் அவன் வெங்காயத்தோடு கொதிக்கவிட்டிருந்தான்.

அன்று மதியம் அனாயி மூன்று தொர்த்தியா நிறைய பீன்ஸ் வைத்துச் சுருட்டிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் எலியோதோரோ மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டுவிட்டுப் பஞ்சை முகர்ந்து பார்த்தாள். "கன்சாலோ மேல ஏன் வெங்காய வாசன வருது?"

"வளரப்போறான்ல, அதான். வேர்க்குது."

"நான் வளரும்போதும் வெங்காய வாசன வருமா?"

"உனக்கு சோப்பு இருக்கே, கண்ணு."

நாட்கள் போயின. கன்சாலோ முளைக்கவில்லை. எலியோதோரோ உழவர்களின் காவலரான புனித இசிதோருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தான். புனிதர் நல்லவர்தான். ஆனால் வெந்த விதைக்கு அவர் என்றைக்கும் பொறுப்பேற்றதில்லை. ஒரு நாள் காலையில் அனாயி கத்தினாள்:

"அப்பா! கன்சாலோவுக்குத் தாடி வந்திருக்கு!"

வெள்ளையாக, மெத்தென்று, நெஞ்சு வரைக்கும் பூஞ்சணம் பூத்திருந்தது.

"தாடி வந்தாப் பெரியவனாயிட்டான்னு அர்த்தம்" என்றான் எலியோதோரோ.

அனாயி யோசித்தாள். "வெள்ளத் தாடி. அப்ப கெழவனாயிட்டான். செத்துப் போயிடுவானாப்பா?" உதடு பிதுங்கியது. "ரோட்ரிகோவோடதுல நாலு எல வந்துடுச்சாம். எல்லாருக்கும் முளைச்சிடுச்சாம். என்னோடது மட்டும் ஏன் சாகப் போகுது?"

இனி பொறுத்தால் முள் நெஞ்சுக்கு அந்தப் பக்கம் வந்துவிடும். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே சந்தைக்கு ஓடினான். நாற்று விற்கிற கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பீன்ஸ் நாத்தா? விதையத் தரையில துப்புனாக்கூட முளைக்கும். அத எவன் காசு குடுத்து வாங்குவான்? மிளகாய் நாத்து இருக்கு, தக்காளி இருக்கு."

"பாக்க பீன்ஸ் மாதிரி இருக்கறது எது?"

"நீ பாக்க ஒழுங்கான ஆளு மாதிரிதான் இருக்க. பாத்து என்னத்தக் கண்டோம்?"

மிளகாய் நாற்றோடு வந்தான். கோப்பையில் மண் போட்டு நட்டான். செடியில் இரண்டு குட்டி மிளகாய்கள் வேறு தொங்கின. கிள்ளிப் போட்டான். மூன்றாவது ஒன்று இலைக்கடியில் ஒளிந்திருந்தது அவன் கண்ணில் படவில்லை.

பள்ளிவிட்டு வந்த அனாயி செடியைப் பார்த்து மூச்சு விட மறந்து நின்றாள்.

"காலையில கெழவன். இப்ப செடி. எப்படிப்பா?"

"அது… அப்படித்தான்" என்று ஆரம்பித்து, டீச்சரின் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்து, "நீ என்ன நெனைக்கற?" என்று முடித்தான்.

அதுதான் தாமதம். மடை திறந்தது. யாரும் பார்க்காதபோதுதான் செடி வளருமா? பார்த்தால் வெட்கப்படுமா? தாடி எங்கே போனது? வேருக்குக் கீழே போனால் அங்கேயும் மீசையாக முளைக்குமா? எலியோதோரோவுக்குத் தலை சுற்றியது. ஆனால் நெஞ்சில் முள் இல்லை.

மறுநாள் கொல்லையிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, கன்சாலோ முட்ட போட்டிருக்கு!"

அவன் ஓடிப் போவதற்குள் முட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டாள். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டாம். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஒரு சொம்புப் பாலும் அரைத் தொர்த்தியாவும் உள்ளே போன பிறகு, சிவந்த வாயோடு தேம்பிக்கொண்டே கேட்டாள்:

"பீன்ஸ் ஏன்பா காரமாச்சு?"

"கோவம், கண்ணு."

"யார் மேல?"

"என் மேல" என்றான் எலியோதோரோ. அந்த ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தான்.

பள்ளி வாசலில் டீச்சர் ஒல்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "அனாயியோட பீன்ஸ் மிளகாய் காய்ச்சிருக்காமே! வெள்ளிக்கிழமை கண்காட்சி. எல்லாப் பெத்தவங்களும் செடியோட வராங்க. உங்க செடியப் பாக்க எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

டீச்சர் ஒரு பார்வை பார்த்தால் போதும். 'இது மிளகாய், பாப்பா' என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அனாயி திரும்பவும் வாயை மூடிக்கொள்வாள், இந்தத் தடவை நிரந்தரமாக. நிஜமான பீன்ஸ் செடி வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் மலையடிவாரத்தில் இருந்த நண்பன் எவாரிஸ்தோவின் கொல்லைக்குப் போனான்.

"ஒரே ஒரு பீன்ஸ் கொடி குடுடா."

"கொடி மட்டும் எப்படிக் குடுக்கறது? பாரு, மக்காச்சோளத்தக் கட்டிப் புடிச்சிட்டு நிக்குது. பிரிச்சா ரெண்டும் வாடிடும்."

"சின்னதா ஏதாவது?"

"சின்னதெல்லாம் ஆடு தின்னுடுச்சு. கட்டுனவங்கள நான் பிரிக்க மாட்டேன்பா. வேணும்னா ஜோடியா எடுத்துட்டுப் போ."

அப்படித்தான் எலியோதோரோ ஒரு வாளி மண்ணோடு, தன்னைவிட உயரமான மக்காச்சோளத்தையும் அதைச் சுற்றிய பீன்ஸ் கொடியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான்.

"அந்த நெட்டையனுக்கும் டிக்கெட் எடுங்கண்ணே."

"செடிக்கு எதுக்குய்யா டிக்கெட்?"

"பச்ச சட்ட போட்டிருக்காரு, தலையில குடுமி வெச்சிருக்காரு, உங்களவிட லட்சணமா இருக்காரு. உங்களுக்குப் பதிலா அவர உக்கார வைங்க."

பஸ்ஸே சிரித்தது. எலியோதோரோ மக்காச்சோளத் தோகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அனாயி வாளியின் முன்னால் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, மேலே, இன்னும் மேலே பார்த்தாள்.

"இது கன்சாலோவா?"

"ஆமா."

"மிளகாயா இருந்தானே?"

"மனசு மாறிட்டான்."

அனாயி கொடியைத் தொட்டாள். அது சுற்றிச் சுற்றிப் போகிற வழியில் விரலை ஓட்டினாள். "அப்பா, இவனுக்குக் கண்ணே இல்லையே. பிடிச்சுக்க இங்க ஆள் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

எலியோதோரோ கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். கொடியின் நுனி காற்றில் எதையோ தேடுவது போல வளைந்திருந்தது. இத்தனை வருடம் பீன்ஸ் தின்றிருக்கிறான், இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. "தெரியலையே, கண்ணு" என்றான். அப்பாவும் மகளும் வாளியின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

வகுப்பறை வாசலில் கன்சாலோ நுழையவில்லை. சாய்த்து, படுக்கவைத்து, தோகையை முதலில் விட்டு உள்ளே இழுத்தான். பெற்றவர்கள் எல்லாரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒரு அம்மா கைப்பையைத் துழாவினாள். மேசைகளில் டம்ளர்களும் டப்பாக்களும் வரிசையாக இருந்தன. எல்லாம் செழிப்பு. ஒன்று பூகூடப் பூத்திருந்தது. நடுவில் டீச்சரின் மேசையில், அவள் பிள்ளைகளோடு சேர்ந்து தனக்கும் போட்டுக்கொண்ட விதை, பளபளவென்று ஆறு இலை விட்டு நின்றது. 'எல்லாருக்கும் ராசியான கை. நான் ஒருத்தன்தான் திருடன்' என்று எலியோதோரோ குறுகிப் போனான்.

அனாயியோ ஒவ்வொரு டம்ளராக ஓடிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஏன் இல முள்ளு முள்ளா இருக்கு? இது எந்தப் பக்கம் சாயுது? சூரியன் வரலன்னா யாரக் கேக்கும்?" அவள் பின்னால் மற்ற பிள்ளைகளும் கேள்விகளோடு ஓடினார்கள்.

டீச்சர் ஒல்கா எலியோதோரோவின் பக்கம் வந்து மெல்லச் சொன்னாள்: "என்னதான் பண்ணீங்க? ஒரு வாரமா அவ வாய் ஓயல. நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தப் புரட்ட வேண்டியிருக்கு."

அவ்வளவுதான், அவனால் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு பாராட்டைத் திருட்டுச் செடிக்காக வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

"டீச்சர், உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கன்சாலோ…"

"கொஞ்சம் இருங்கய்யா" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. பள்ளியில் பெருக்கிச் சமைத்துப் போடுகிற சோயிலா அம்மாள், துடைப்பத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, வெளிறிப் போய் நின்றாள். "மொதல்ல என் பாவத்தச் சொல்லிடறேன். அன்னிக்கு டீச்சர் விதை டப்பா கேட்டப்ப, கை தவறி வேற டப்பாவக் குடுத்துட்டேன். அது புள்ளைங்க கிலுகிலுப்பைக்குள்ள போட, வண்டு வைக்கக் கூடாதுன்னு நான் சட்டில போட்டு நல்லா வறுத்து வெச்சிருந்த பீன்ஸு. ஒண்ணுகூட முளைக்காதே, புள்ளைங்க அழுமேன்னு இத்தன நாளா எனக்குத் தூக்கமே இல்ல. சொல்லுங்க டீச்சர், உங்க மேசை மேல இருக்கறதையும் சேத்து, இது அத்தனையும் எப்படி முளைச்சுது?"

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும், பிள்ளைகளின் வாய் ஓயாமலும், 'தெரியலையே, வா பார்க்கலாம்' என்று சொல்ல உங்களுக்கு நேரம் குறையாமலும் இருக்கட்டும்.