சபையில் தின்ற கற்கண்டு

விருந்து வீட்டில் "இலை போட்டாச்சு" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. ஒருமுறை நம்பி, என் நிச்சயதார்த்தத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

சிறு வயதிலிருந்தே எனக்குச் சர்க்கரை நோய். கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரை அளவைச் சொல்ல, இடுப்பில் இருக்கும் பம்ப் அதற்கேற்ப இன்சுலினைச் செலுத்தும். சாப்பாட்டுக்கு மட்டும் நானே கணக்குப் போட்டு முன்கூட்டி அழுத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது எதுவும் தெரியாது. "தாலி ஏறட்டும், பொறவு சொல்லிக்கிருவோம்" என்றார் என்னைப் பெற்ற அய்யா. எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. (பட்டுப்புடவைக்குள் பம்பை ஒளிப்பதில்தான் என் சாமர்த்தியமெல்லாம் போனது.)

பரமக்குடியில் எங்கள் வீட்டில்தான் நிச்சயம். சமையல்காரர் இலை போட்டாச்சு என்றதும் உள்ளறைக்குப் போய், ஜாங்கிரி, பாயசம் வரை சேர்த்துத் தாராளமாக அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் தாய்மாமாவின் போன் வந்தது. பாம்பனில் காற்று அதிகமாம்; அடங்கினால்தான் பாலத்தில் ரயிலை விடுவார்களாம். மாமா வராமல் தட்டு மாற்ற முடியாது. தட்டு மாற்றாமல் யாரும் சாப்பிட முடியாது.

சர்க்கரை இறங்கியது. பம்ப் தானாகவே இன்சுலினை நிறுத்திவிட்டது. கெட்டிக்காரக் கருவிதான், ஆனால் நான் அழுத்தியதைத் திரும்ப எடுக்க அதற்கும் வழியில்லை. புடவைக்குள்ளிருந்து அலாரம் கத்தியது.

"யாரு போனுத்தா அது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மைக்செட்டுக்காரன்" என்றாள் என் அம்மா. (நாங்கள் மைக்செட்டே வைக்கவில்லை.)

வேர்த்தது, கை நடுங்கியது. செத்துப்போவேனோ என்று பயந்தேன். அதைவிட, எழுந்து போனால் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். என் புத்தி அப்போது அவ்வளவுதான். எதிரே அவர்கள் கொண்டுவந்த சீர்த்தட்டு இருந்தது. கற்கண்டை அள்ளி வாயில் போட்டேன். ஒரு பிடியோடு நிற்கவில்லை. சபையில் நான் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மென்றபடியே பம்பை வெளியே எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அய்யா தலைகுனிந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்குப் போய்ப் பேசினார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் போயிற்று என்று அழுதேன்.

அவருடைய அம்மா மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சீக்கு வாரது யாரு குத்தமும் இல்லத்தா. மறைச்சதுதான் எங்களுக்கு வருத்தம். இப்ப எம்புட்டு இருக்கு?"

பம்பைப் பார்த்தேன். "ஏறுது அத்தை." அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா ஏறட்டும். பொறவு தட்டை மாத்துவோம்."

ஒருவழியாக வந்து சேர்ந்த மாமா, காலித் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏலே, யாருலே தின்னது?" என்று பையன்களை அதட்டினார். அழுதுகொண்டிருந்த நான்தான் முதலில் சிரித்தேன்.

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அன்றும் மாமா தாமதம். அத்தை ஒரு கிண்ணத்தில் கற்கண்டு கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க என் மடியில் வைத்தார்.

"இது ஒனக்கு. தட்டுல இருக்கது சபைக்கு."