அடேல் என்றால் குதிரை, சத்தியமாக

பேரன்புக்குரிய மச்சான் எல்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் ஹார்லன் எழுதுவது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் நானும் கோரினும் குதிரைகள் இரண்டும் சுகம். அங்கே உங்கள் புது இடுப்பு மூட்டு உங்களோடு ஒத்துப்போகிறதா என்று தெரிவிக்கவும்.

உங்கள் பண்ணையை விட்டு மகள் வீட்டு மாடிக்குக் குடிபோகும்போது, "ஏலத்துக்கு மட்டும் அனுப்பிடாதீங்க மாப்ளே" என்று சொல்லி, பெர்லையும் அடேலையும் எங்களிடம் ஒப்படைத்தீர்களே, காலமெல்லாம் பேருந்து ஓட்டியவனுக்கு இரண்டு உழவுக் குதிரைகள் எம்மாத்திரம் என்றுதான் வாங்கிக்கொண்டேன். ஆனால் பேருந்து என் தொப்பியைத் தின்றதில்லை. கழுத்துப்பட்டையை நான் தலைகீழாக மாட்டியபோது பெர்ல் பார்த்த பார்வையை எந்தப் பயணியும் பார்த்ததில்லை. ஏரில் பூட்டுமுன் கல் சுமக்கும் சறுக்குப் பலகையை இழுக்கவிட்டுப் பழகலாம் என்றாள் கோரின். போ என்றால் நின்றன, நில் என்றால் பின்னால் போயின. வாரம் முழுக்க, "அடேல், நகரு, சோம்பேறிக் கழுதை, எவ்வளவுதான் தின்பே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உருளைக்கிழங்கு நடும் காலமோ நெருங்கிவிட்டது. நடாவிட்டால் நாங்கள் கடனில் வாங்கிய இந்தப் பண்ணையும் போகும், குதிரைகளும் ஏலத்துக்குப் போகும் என்று கோரின் சரியாகச் சாப்பிடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை புதரிலிருந்து ஒரு காட்டு வான்கோழி படபடவென்று கிளம்ப, இரண்டும் பிய்த்துக்கொண்டு ஓடின. பலகைமேல் நான் இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் வேலியை உடைத்து, பக்கத்துப் பண்ணைக்காரம்மாவின் ஆப்பிள் மரத்தடியில் போய்த்தான் நின்றன. குடிவந்ததிலிருந்து எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். பெயர் அடேல் திபோடோ. அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வேலியோரமா நின்னு தினமும் என்னை எதுக்குத் திட்டுறீங்க?" என்று கேட்டார்.

"உங்களை இல்லைங்க, இந்தக் குதிரையைத்தான்."

குதிரையின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கடிவாள வாரை அப்போதும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தேன்.

"இப்படி இழுத்துக்கிட்டே போ போன்னா அது என்ன பண்ணும்? பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வண்டி ஓட்டுவீங்க?"

கையைத் தளர்த்தி, மெல்ல "வாம்மா" என்றேன். நடந்தன, மச்சான். பெர்லின் வாய் அசைவது வார் வழியாக என் விரலுக்குத் தெரிந்தது. மறுநாளே ஏர் பூட்டி உழுதோம். சால் பாம்பு போனது போலத்தான் இருந்தது, ஆனாலும் மண் புரண்டது. கோரின் காலணியைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் பின்னாலேயே நடந்து வந்தாள், கண்ணைத் துடைத்தபடி. அன்று மூன்று தட்டுச் சாப்பிட்டாள். இந்தக் குதிரைகளை எங்களை நம்பிக் கொடுத்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கர்த்தர் உங்கள் இடுப்பைக் காப்பாராக. மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பெர்ல் உங்களை விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். அடேல் (குதிரை) தின்றுகொண்டிருக்கிறாள்.

என்றும் நன்றியுடன்,
ஹார்லன்

பி.கு: உறையை ஒட்டப்போகையில் அடேல் அம்மா விதைக்கிழங்கு மூட்டைகளோடு வந்து, நாங்கள் உழுத இடத்தில் நடத் தொடங்கிவிட்டார். பனிக்காலத்தில் குடிவந்ததாலும் அந்தக் கோடியில் வேலி முன்பே விழுந்து கிடந்ததாலும் எங்களுக்கு எல்லை பிடிபடவில்லை. உழுதது முழுக்க அவர் நிலம். எங்கள் நிலத்தில் நாளைக்குத்தான் தொடங்க வேண்டும், அவரும் வருகிறாராம். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் கிளம்பி வந்தேன். நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா உழுதுக்கிட்டு இருந்தீங்க," என்றார்.