வியாழக்கிழமைக்கு ஒரு ஜோடி

"அம்மா பின்பக்கமா ஓட்டுவீங்களா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

டெலிபோன் அம்மாள் விழித்தாள்.

"ஐஸ் மேல முன்னாடி போறது எல்லாருக்கும் வந்துடும். பின்பக்கமா ஓட்டுறவங்களுக்கு வேற ஷூ. அதான் கேட்டேன்."

"ஓட்டுவா, ஓட்டுவா" என்றார் பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர். "மூணு மாசமா ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போறாளே."

மூன்று மாதமாகப் போவது உண்மை. ஸ்கேட்டிங்குக்கு இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் நிலையத்தில் ஊரார் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தவள் அவள். ஓய்வு பெற்றால் காது காலியாகும் என்று நம்பினாள். அதே மாதம் அவரும் ஓய்வு பெற்றார். காலையில் பேப்பரில் காலமானார் அறிவிப்புகளை உரக்கப் படிப்பார். அவள் அடுப்படிக்குப் போனால் அங்கே வந்து படிப்பார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "எழுபத்திரண்டு வயசுதானாம், பாவம்" என்பார்.

ஒரு நாள் தாங்காமல் வாயில் வந்ததைச் சொன்னாள். "இனிமே வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு ஸ்கேட்டிங் வகுப்பு."

அதற்கு மட்டும் அவர் கூட வரமாட்டார். முட்டிவலிக்காரர். குளிர் ஆகாது.

அவள் போனது இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த லாண்டரிக்கு. காசு போட்டால் மெஷின் துவைக்கும். ஒரே ஒரு தலையணை உறையை உள்ளே போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் அடுத்தவர் துணி சுற்றுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அங்கே யாரும் யார் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வதில்லை. வாரத்தில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் மூன்றே மூன்று அவளுடையது. அதை இழக்க அவளுக்கு மனசில்லை. தன்னோடு இருப்பதைவிட ஊரார் அழுக்குத்துணியோடு இருப்பது இவளுக்கு நிம்மதி என்று தெரிந்தால் மனிதர் நொறுங்கிவிடுவார். அதைப் பார்க்கவும் மனசில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே ஆரம்பித்தார். "வாடகை ஷூ காலைப் புண்ணாக்கிடும். சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம், கிளம்பு."

கிளம்பியாயிற்று. இப்போது கடைக்காரப் பெண் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சைஸ்மா?"

"செருப்பு ஏழு. அப்ப ஷூ எட்டு குடு. உள்ள தடியா ரெண்டு சாக்ஸ் போட்டுப்பேன்."

பெண் நிமிர்ந்தாள். "மூணு மாசம் ஓட்டினவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்களே! செருப்பைவிட ஒரு சைஸ் கம்மிதான் எடுக்கணும். சாக்ஸ் மெல்லிசா ஒண்ணே ஒண்ணு."

"அவளுக்கு நம்பர்னாலே மறதி" என்று வீட்டுக்காரர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "கணுக்கால் மடங்காம இறுக்கிப் பிடிக்கிற ஷூவா எடும்மா. பிளேடு முனையில பல்லு இருக்கட்டும். முதல்ல அது தடுக்கி விடும், போகப் போகப் பழகிடும்."

"உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தான்."

காலமானவர்கள் பக்கத்தில் இதெல்லாம்கூட வருகிறதா என்று அவள் யோசிப்பதற்குள் ஆறாம் நம்பர் காலில் ஏறிவிட்டது.

"எழுந்து நில்லுங்கம்மா. முட்டியை லேசா மடிங்க."

நின்றாள். இரண்டு கணுக்காலும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கக் கிளம்பின. கைக்கு எட்டியது கையுறை ஸ்டாண்டு. அதைப் பிடித்தாள். அதுவும் அவளோடு வந்தது.

"புது ஷூ" என்றாள், கையுறைக் குவியலுக்கு அடியிலிருந்து.

"புது ஷூதான்" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பணம் கட்டிவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார். "வியாழக்கிழமை நானும் வரட்டுமா? சும்மா பார்க்கத்தான்."

"உங்க முட்டி?"

"அது பாட்டுக்கு பெஞ்சுல உக்காந்திருக்கும்."

"குளிர் ஆகாதே. இப்பவே வெள்ளிக்கிழமையானா வீடு அதிரத் தும்முறீங்க."

அந்தத் தும்மல், தான் வெளியே போனதற்கு அவர் போடும் அபராதம் என்பது அவள் கணிப்பு.

"மஃப்ளர் சுத்திக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை அவர் பேப்பர் வாங்கப் போன நேரத்தில், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஷூவை மாட்டினாள். நாலு அடி நடந்ததில் கம்பளம் நாலு இடத்தில் கிழிந்தது. ஐந்தாவது அடியில் பீரோவோடு மோதினாள். கழற்றலாம் என்று உட்கார்ந்தால் கயிறு முடிச்சாகிவிட்டது. வாசலில் மணி.

கீழ்வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "மேல யாரு மரம் அறுக்கறது?"

திரும்பி வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் படியில் நின்றே பதில் சொன்னார். "என் வீட்டம்மா பழகுறா. ஸ்கேட்டிங்."

"இந்த வயசுலயா?"

"ஏன், வயசுக்கென்ன? மூணு மாசமா ஓட்டுறா. அரங்கமே நின்னு பார்க்குதாம்!"

"அடேயப்பா! அப்ப வியாழக்கிழமை நாங்களும் வர்றோம். எங்க வீட்டுல எல்லாரும்."

டெலிபோன் அம்மாள் கட்டிலில் சாய்ந்தாள். நாளைய பேப்பரில் தன் பெயர் வந்துவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அவர் உள்ளே வந்தார். கம்பளத்தைப் பார்த்தார். இரண்டு முட்டியும் மடமடக்கத் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"எதுக்குங்க அவங்ககிட்ட அப்படிப் பீத்திக்கிட்டீங்க?"

"சொன்னா என்ன? பொய்யா?"

அவள் கம்பளக் கிழிசல்களை எண்ணினாள்.

"புது ஷூ மொட்டையாத்தான் வரும்" என்றார் அவர், முடிச்சைப் பார்த்தபடி. "சாணை பிடிக்கணும். அரங்கத்துல டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துலயே பிடிச்சுத் தருவாங்க."

"அதுவும் பேப்பர்லயா?"

"அதுவும் பேப்பர்லதான்."

நல்ல சாக்காகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை, சாணை பிடித்து வருகிறேன் என்று ஷூவைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வெளியே வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் தொங்கியது.

"ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கோ" என்றார் அவர்.

பச்சை ஸ்வெட்டர். ஐந்து பொத்தான். நாலு பச்சை, நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு. போன குளிர்காலத்தில் அவர் தைத்தது. பச்சையில் கிடைக்கவில்லையாம், தேடவும் இல்லையாம்.

சாணை பிடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐஸில் இறங்க இருபது நிமிஷம். ஓரச்சுவரைக் கட்டிக்கொண்டு அவள் நகர்ந்தாள். பால்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் பின்பக்கமாகவே அவளை மூன்று முறை கடந்து போனது. முனைப் பல் தடுக்கி ஒரு தடவை விழுந்தாள். எழ முயன்றதில் இன்னொரு தடவை. நாற்பது நிமிஷத்தில் ஒரு சுற்று. முழங்கை வீங்கியது. மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளத் தலையணை உறை இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு காலை இழுத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே தடித்த கண்ணாடி போட்ட பெண் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. நாளை மறுநாளுக்குள்ள இதைக் கத்துக்க முடியுமா? ரொம்ப வேண்டாம், மூணு மாசம் கத்துக்கிட்ட மாதிரி இருந்தாப் போதும்."

"ரெண்டு நாள்லயா? எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

"என் வீட்டுக்காரர் பார்க்க வர்றார். எனக்கு ஓட்ட வரும்னு நம்பிக்கிட்டிருக்கார். பாவம், வெள்ளை மனசு. தெரிஞ்சா தாங்க மாட்டார்."

டிக்கெட் பெண்ணின் கை சில்லறையில் நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். ஸ்வெட்டரை மேலிருந்து கீழே பார்த்தாள். நடுப் பொத்தானில் பார்வை நின்றது.

"பச்சை ஸ்வெட்டர், ஒத்தைக் கறுப்புப் பொத்தான்... அது நீங்கதானாம்மா? மூணு மாசமா ஒரு வியாழக்கிழமை தவறாம ஒரு சார் அந்தக் கடைசி பெஞ்சுல குளிர்ல உக்காந்து உங்களைத்தான் தேடிட்டிருக்கார், சொந்தமா ஷூ வாங்கிக் குடுத்தா ஒரு நாளாச்சும் இங்க வருவாளான்னு போன வாரம் என்கிட்டதான் கேட்டுட்டுப் போனார்."