ஜூன் மாதத்துக் கடல்

வானிலை விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் தயவுசெய்து யாரும் யோசனை கேட்காதீர்கள். சிவகாசியில் நல்ல நாள் என்றால் ஒரே அர்த்தம்தான்: சாமான் காய்கிற நாள். தீக்குச்சி காய வேண்டும், வெடித்திரி காய வேண்டும், அச்சடித்த தாள் காய வேண்டும். தலைக்கு மேலே ஒரு மேகம் வந்து நின்றால் ஊரே அண்ணாந்து பார்த்து முகம் சுளிக்கும். மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்தால், "ஆகா, என்ன அருமையான நாள்!" என்போம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவன், கடற்கரைக்குப் போக உகந்த பருவம் எது என்று தானே முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. (சாட்சி மட்டுமில்லை, குற்றவாளியும் நானே.)

அறுபதுகளில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை. என் மனைவி பாக்கியம் விருதுநகர்க்காரி. நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. கடற்கரை மணலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"திருச்செந்தூர்லதான் கடலப் பாத்திருக்கியே?" என்றேன்.

"எங்கன பாத்தேன்? யாருக்காவது மொட்டை, இல்லாட்டி காதுகுத்து. அம்புட்டுப் பேரும் கடலுக்குப் போவாக, நான் புளிச்சோத்துச் சட்டிக்குக் காவல். வேண்டுதல் இல்லாம, கூட்டம் இல்லாம, ஒரு நா மணல்ல உக்காந்து கடலப் பாக்கணும். அம்புட்டுத்தான்."

சும்மா உட்காருவது என்பது எனக்குக் கைவராத கலை. (நான் சாப்பிடும்போதே ஒரு காலில் செருப்பு மாட்டியிருப்பதாக மாமியார் வீட்டில் பேச்சு.) ஆனால் புது மாப்பிள்ளைக்கு வீறாப்பு அதிகம். "திருவனந்தபுரமே போயிருவோம்!" என்று அன்றைக்கே அறிவித்துவிட்டேன். எங்கள் ஊர் வழியாகவே ரயில் இருந்தது. எப்போது போவது என்பதுதான் பாக்கி.

அதற்கு ஒரு மாநாடே நடந்தது. பாக்கியத்தின் அண்ணன் தங்கராசு, விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தவர், தானாக வந்து மாநாட்டில் உட்கார்ந்தார். தங்கையைத் தனியாக மலையாளத்துக்கு அனுப்ப அவருக்கு மனசு கேட்கவில்லையாம். (புருஷன் கூடப் போவது கணக்கில் சேராது.)

பாக்கியம், "தை மாசம் போவமே, பதமா இருக்கும்," என்றாள்.

"தையிலயா? காலண்டர் லோடு போற சீசன். முதலாளி என்னைய உசுரோட விடமாட்டாரு."

"அப்ப மாசி, பங்குனி?"

"புது வத்தல் மண்டிக்கு வர்ற நேரம். நான் நகர முடியாது," என்றார் மச்சான்.

"ஐப்பசி?"

"ஏ புள்ள, மழைக்காலத்துல எவனாவது கடலுக்குப் போவானா?" என்று மச்சான் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்படி ஒவ்வொரு மாதமாகத் தள்ளித் தள்ளி ஆனியில் வந்து நின்றோம். எங்கள் ஊரில் ஆனி என்றால் மேகம் கிடையாது, காற்றும் வெயிலும்தான். ஈரத்தாளை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.

பாக்கியத்துக்கு மட்டும் சந்தேகம். "நம்மூருல காயும். அங்கனயும் காயுமாங்க?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் தொங்கிய எங்கள் அச்சகத்துக் காலண்டரைக் கழற்றி ஜூன் மாதத்தைப் புரட்டிக் காட்டினேன். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த ஒரு தென்னை. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

"பாரு. ஜூன் மாசத்துக்குக் கடற்கரை. கம்பெனியில பெரிய ஆளுக யோசிக்காமலா போடுவாக?"

(அந்தப் பெரிய ஆளு நான்தான். எந்த மாதத்துக்கு எந்தப் படம் என்று பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. ஜூன் புழுக்கத்துக்குக் கண்ணுக்காவது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வைத்தேன். அது எந்தக் கடல் என்றுகூட எனக்குத் தெரியாது.)

"அச்சுலயே போட்டிருக்கான். அப்புறம் என்ன பேச்சு?" என்று மச்சான் தீர்ப்பளித்தார்.

புறப்படும்போது பாக்கியம் ஒரு குடையை எடுத்தாள். "காலண்டரையே நம்பமாட்டியா?" என்று பிடுங்கி வைத்தேன். அதற்குப் பதிலாக மணலில் விரித்து உட்கார ஒரு ஜமுக்காளத்தைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

தென்காசியில் சாரல் விழுந்தது. "குத்தாலச் சாரல் மாப்ள! குளுகுளுன்னு இருக்குல்ல?" என்று மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மலைக்கு இந்தப் பக்கம் சிந்துவதே இவ்வளவு என்றால் அந்தப் பக்கம் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கிற புத்தி மூவரில் ஒருத்தருக்குத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் மலையைப் பார்த்தேன். செங்கோட்டை தாண்டி ரயில் குகைக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது மலையையும் காணோம், மரத்தையும் காணோம். மழைதான் இருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் லாட்ஜ்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "குடை இல்லே?" என்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேட்டி இல்லாமல் நின்றால் நாங்கள் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு லாட்ஜ் வராந்தாதான் எங்கள் கடற்கரை. நான் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். மச்சான் எதிர்த்திசையில் நடந்தார். நடுவில் மோதிக்கொள்ளும்போது மழையைப் பற்றிப் பேசினோம். எங்கள் ஊரில் துவைத்த வேட்டி காப்பி குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். இங்கே கொடியில் போட்ட வேட்டி, போட்டபோது இருந்ததைவிட நனைந்துகொண்டே போனது. என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஓடிப்போய் மேகத்தைத் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

மச்சானுக்குக் கவலை வேறு. "இங்கன இந்த ஊத்து ஊத்துதே மாப்ள, அங்கன என் வத்தல் என்ன கதியோ!"

எவ்வளவு சொல்லியும் கேளாமல் மண்டிக்குத் தந்தி அடித்தார். மழையே இல்லை, நல்ல வெயில் என்று பதில் வந்தது. நிம்மதியடைவார் என்று பார்த்தால் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்புட்டு அருமையான வெயில விட்டுப்புட்டு இங்கன வந்து கெடக்கோமே!"

பாக்கியம் ஜமுக்காளத்தைப் பிரித்து உதறி மறுபடி மடித்தாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊர் திரும்ப வேண்டிய நாளன்று மழை லேசாக விட்டது. "கிளம்புங்க, கிளம்புங்க!" என்று இருவரையும் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்கு ஓடினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் விட்ட மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடைக் கூரைக்குள் புகுந்தோம். எதிரே ஒரு கல்சுவர். சுவருக்கு அப்பால் செம்மண் நிறத்தில் தண்ணீர் எழும்பி எழும்பிச் சுவரை அறைந்தது. நான் இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தேன்.

"மணல் எங்கங்க இருக்கு?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மணலா? கடல் கொண்டு போயி," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "எல்லா வருஷமும் கொண்டு போகும். ஓணம் கழிஞ்சா திருப்பித் தரும்."

பாக்கியம் ஜமுக்காளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மச்சான் பீடி பற்ற வைக்கப் பார்த்தார். எங்கள் ஊர்த் தீப்பெட்டி. குச்சி குச்சியாக உரசினார், ஈரத்தில் மருந்துதான் உரிந்து வந்தது. உலகத்துக்கே நெருப்பு விற்கும் ஊர்க்காரர், கடைசியில் கடைவாசலில் பீடிக்காரர்களுக்கென்று கங்கு கனிந்து தொங்கிய கயிற்றில் போய்ப் பற்ற வைத்துக்கொண்டார். அப்படிக் குனிந்து நிமிர்ந்தவர், கடைச் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ மாப்ள! உங்க காலண்டர்!"

எங்கள் அச்சகத்துக் காலண்டரேதான். ஈரத்தில் ஓரம் சுருண்டு தொங்கியது. ஜூன் மாதம். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. அதற்கு நேர் எதிரே அசல் கடல் கல்சுவரை உடைத்துக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரர் சிரித்தார். "தேதியெல்லாம் சரி. ஜூன்ல இந்தப் படம் போட்டவன் மட்டும் கடல் கண்டவன் இல்ல."

"அப்படிச் சொல்லுங்க!" என்று மச்சான் சேர்ந்துகொண்டார். "எவன் மாப்ள அது? ஊருக்குப் போனதும் அவனப் பிடிச்சுக் கேக்கணும்."

நான் டீயை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் ஒருத்தி புருஷனை இவ்வளவு படித்துவிடுவாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஏங்க, அந்தப் படம் போட்டது யாரு?" என்றாள் மெல்ல.

நான் காலி கிளாஸை மறுபடி வாயில் வைத்தேன். மச்சான் என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பீடி அணைந்துபோனது.

பாக்கியம் ஜமுக்காளத்தை விரித்தாள். தலையோடு போர்த்திக்கொண்டு மழைக்குள் இறங்கி நேரே சுவரை நோக்கி நடந்தாள். "பாக்கியம், நில்லு! வந்துரு!" என்று பின்னாலேயே ஓடினேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் தண்ணீர்.

"உக்காரத்தான் எடமில்ல. நின்னாவது பாத்துக்கிடுறேன்," என்றாள். பிறகு, "படத்துல சத்தமே இல்லீகளே. இம்புட்டுச் சத்தம் போடுமா இது?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜமுக்காளத்தில் பாதியை என் தலையில் போட்டாள். "கொஞ்ச நேரம் ஆடாம நில்லுங்க."

நின்றேன். (கால் மட்டும் ஆடியது. குளிரில்தான்.) அவள் கேட்டது என்னவோ ஒரு சாண் மணல். அதைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லையே என்று அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த காலண்டரில் ஜூனுக்கு மழைப் படம் போடலாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "மழைப் படத்தை நம்ம ஊருல அச்சடிச்சா காயுமாலே?" என்று விரட்டிவிட்டார். கடலை மட்டும் ஜனவரிக்கு மாற்றிக்கொண்டேன். சில வருஷம் கழித்து ஒரு தை மாதத்தில் அதே சங்குமுகத்தில் அதே ஜமுக்காளத்தை விரித்து அவள் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நான் அவளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் நாள் குறிக்கும் உரிமை எனக்கு இல்லை. மகள் கல்யாணத்துக்குத் தேதி பார்த்தபோதுகூட, "மாப்ள, காலண்டர்ல என்ன படம்?" என்று மச்சான் சபையில் கேட்டுவிட்டார். போன வாரம் என் மகன் கைபேசியை நீட்டினான். கோவாவாம். நீலக் கடல், வெள்ளை மணல், மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

"பாருங்கப்பா, இதுதான் போறதுக்கு நல்ல சீசன்னு போட்டிருக்கான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"படம் போட்டது யாருன்னு மொதல்ல விசாரிக்கச் சொல்லுங்க!"