எண்ணூருக்கு மூன்று மணி பத்து நிமிடம்

புளியந்தோப்பு,
18.6.2009

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணன் தீனாவுக்குத் தங்கை கார்குழலி எழுதுவது. ஜெய்பீம். இங்கே நைனாவும் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். ஆம்னி வேன் மட்டும் இடது கன்னத்தில் காயத்தோடு நிற்கிறது. அதன் காரணம் கீழே வரும். சிங்கப்பூரில் உன் கப்பல் பட்டறை வேலையும் முழங்கால் வலியும் நீயே வடிக்கும் சோறும் எந்த நிலையில் இருக்கின்றன என்று விவரமாக எழுதவும்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறக்கூடாது. நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். திங்கட்கிழமை, எண்ணூர்க் கிளை நூலகத்தில், முற்பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த எட்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடியே சிரித்துவிடுகிறேன், அம்மா வேப்பிலை அடிக்க ஆள் பார்க்கிறாள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் என்பது நான்கு வீட்டுக்குக் கேட்கும் வானொலி நிலையம் என்பது உனக்குத் தெரியும். அதோடு நான் பேசும்போது நைனா பக்கத்திலேயே நின்று, "பொட்டி சூப்பரா வழி காட்டிச்சின்னு சொல்லு" என்று கிள்ளிக்கொண்டே இருக்கிறார். நீ அனுப்பிய ஜி.பி.எஸ். வழிகாட்டிப் பெட்டி எங்களுக்கு எப்படி வழி காட்டியது என்பதை உண்மையாகச் சொல்ல எனக்குக் காகிதம்தான் சரி.

ஆறு வருடம் காத்திருந்த ஆணை இது. அது நம் வீட்டின் பழைய கதவு எண்ணைத் தேடி, தெருவில் நான்கு வீட்டு டீயைக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலைதான் என் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால், பதினைந்தாம் தேதி முற்பகலுக்குள் சேராவிட்டால் ஆணை ரத்து, பட்டியலில் அடுத்தவரை அழைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. பதினைந்து என்பது திங்கட்கிழமை. பேருந்தில் போய்விடுகிறேன் என்றேன். "மொத நாளு, பஸ்ல கசங்கிகினு போவியா நீ? வண்டி எதுக்குக் கீது? தீனா அனுப்புன பொட்டி எதுக்குக் கீது?" என்றார் நைனா. இருபது வருடம் இதே எண்ணூர்த் தடத்தில் மாநகரப் பேருந்து ஓட்டியவருக்கு எண்ணூர் போக ஒரு பெட்டி எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அதை டாஷ்போர்டில், புத்தர் சிலைக்குப் பக்கத்தில், சிலையைவிட ஒரு விரல் உயரமாக அவர் ஒட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியை முதன்முதலாக உயிர்ப்பித்தவள் நான்தான். வீட்டில் ஆங்கிலம் படித்தவள் என்ற மரியாதை. அது மொழி கேட்டது, ஊர் கேட்டது, ஏதோ மூன்று படங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னது. எல்லாவற்றையும் பொறுப்பாகச் செய்து முடித்து, நூலகத்தின் முகவரியையும் போட்டேன். காலை எட்டரை மணி. போய்ச் சேரும் நேரம் 11.40 என்று திரையில் வந்தது. பதினைந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி பத்து நிமிடம்! வேறு ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. நைனாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பாத்தியா குழலி, கன்டெய்னர் லாரி ஆர்பருக்கு லைன் கட்டிகினு நிக்கிறதெல்லாம் இதுக்குத் தெரிஞ்சிகீது. மேல கீற ஆபீசருங்களுக்கே தெரியாது இது. மூணு மணி பத்து நிமிசம்! கரெக்டா சொல்து!" என்றார். பின்சீட்டில் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்திருந்த அம்மா, "அப்ப அதுக்கு டோல்கேட்டு தெரியுமா கேளு" என்றாள். டோல்கேட்டில் டோல்கேட் இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிறது, ஆனாலும் நாம் எல்லோரும் அங்கேதான் இறங்குகிறோம். பெட்டிக்குத் தெரியவில்லை. "சொக்கம்மா, மொத நாளே சோதிக்காத" என்று அம்மாவைப் பெயர் சொல்லி அடக்கிவிட்டு நைனா வண்டியை எடுத்தார்.

பழைய வண்ணாரப்பேட்டை தாண்டும்வரை அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலப் பெண் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று இடது பக்கம் திரும்பச் சொன்னாள். நைனாவின் கை ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருந்தது. இருபது வருடக் கை அது, அதற்குத் தனியாக மூளை உண்டு. "இந்தச் சந்துல சைக்கிளையே எறங்கித் தள்ளிகினுதான் போவாங்க" என்று முணுமுணுத்தார். ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார். "சர்தான், புள்ள சொல்றான், போவோம்" என்று ஒடித்துவிட்டார். அண்ணா, அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் காதில் விழுந்தது ஆங்கிலக்காரியின் குரலே இல்லை. இருபதாவது அடியில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினோம். நாற்பதாவது அடியில் வண்டி ஒரு வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு மாடிப்படிக்கும் நடுவில் தக்கை மாதிரி இறுகி நின்றது. கதவைத் திறக்க வழியில்லை. அந்த வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஷரீஃபுன்னிசா என்ற அம்மாள் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே கேட்டார்: "இன்னா அண்ணே, இன்னும் ரெண்டு அடி வந்தீன்னா டீ போட்டுக் குடுத்துருவேன். ஸ்டவ்வு உன் லைட்டாண்டதான் கீது."

"பொட்டி சொல்லிச்சிம்மா" என்றார் நைனா.

"பொட்டி சொல்லிச்சா? எங்கூட்டுக்காரரு சொல்லியே நான் எதையும் கேக்கறதில்ல!"

அதற்குள் சந்து முழுக்க வந்து கூடிவிட்டது. பின்னால் பத்துப் பேர் "வுடு வுடு வுடு" என்றால் முன்னால் பத்துப் பேர் "ஒடி, ஒடி, இப்பிடி ஒடி" என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டு நைனா பின்னோக்கி எடுத்ததில்தான் வேனுக்குக் கன்னத்தில் காயம். இத்தனைக்கும் நடுவில் அந்த ஆங்கிலப் பெண் நேராகப் போ, நேராகப் போ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. ஷரீஃபுன்னிசா அம்மாள் என் கையில் இருந்த உறையைப் பார்த்து என்னவென்று கேட்டு, சொன்னதும், "வேலைக்கா போற? அத்த மொதல்ல சொல்றதில்ல?" என்று சந்து முழுக்கக் கேட்க ஒரு சத்தம் போட்டார். அதற்கப்புறம்தான் எல்லோரும் ஒரே பக்கமாகத் தள்ளினார்கள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ஒரு வழியாக விம்கோ நகர் வந்தபோது மணி பத்து நாற்பது. அங்கே மறுபடியும் இடது பக்கம். நைனா திரும்பினார். தண்டவாளம் வந்தது, சாலை முடிந்தது, எதிரில் ரயில்பாதையைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் படிக்கட்டு. நேராகப் போ என்றாள் பெட்டிக்காரி. நைனா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து, படிக்கட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "ஏத்தேன்யா" என்றாள் அம்மா. "இன்னா பாத்துகினு நிக்கிற? புள்ள சொன்னா ஏத்த மாட்டியா?" பக்கத்து டீக்கடை ஹபீபுல்லா என்பவர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தார். "மாமு, அது நடக்கற பிரிட்ஜி."

"தெரியும்பா."

"அப்ப இன்னா பாக்குற?"

"எத்தினி படி கீதுன்னு எண்ணிகினு கீறேன்."

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம் என் கண் முன்னால் ஒவ்வொரு படியாக ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போவதுபோல் இருந்தது. பட்டியலில் எனக்கு அடுத்தவர் யாரோ, எந்த ஊரோ, அவர் இந்நேரம் குளித்துத் தலை வாரிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். நைனாவின் முதுகைப் பார்த்தேன். ஏறவில்லை.

அடுத்துப் பெட்டிக்காரி எங்களைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வலது பக்கம் திரும்பினால் பெயரோடு ஒரு தெரு இருப்பதாகத் திரையில் அழகாகக் கோடு ஓடியது. திரும்பினோம். ஆறு வீடுகள் இருந்தன. ஏழாவது வீட்டில் பாதி இருந்தது. அதற்கப்புறம் கொட்டி வைத்த கருங்கல்லும் கடலும்தான். திரையில் எங்கள் அம்புக்குறி இன்னும் தெருவில்தான் நின்றது. நேராகப் போகச் சொன்னது. மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெருவின் கோடு தெரிகிறது, தெரு தெரிவதில்லை. இந்தக் குறை செயற்கைக்கோளுக்கு மட்டும் உள்ளதல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்புறம் மணியைப் பார்த்தேன். பதினொன்று பத்து. நினைப்பதை நிறுத்தினேன்.

"நைனா, இந்த ரோட்ல இருபது வருசம் வண்டி ஓட்டனது பொட்டியா, நீயா? எனக்கு நீ வழி சொல்லு" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் மேல், தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்தினார். "தீனா, கோச்சிக்காதடா. தங்கச்சிக்கு டைம் ஆவுது" என்றார். அதற்கப்புறம் அவர் ஓட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டி ஆம்னி, ஓட்டம் பேருந்து. எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கோட்டை மதில் மாதிரி அசையாமல் நின்றன. நைனா தலையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுத்தார். முன்னால் நின்ற லாரியிலிருந்து தாவூது என்பவர் எட்டிப் பார்த்து, "டேய், நம்ம டிரைவர் மாமுடா! இன்னா மாமு, பஸ்ஸு சின்னதாப் பூடுச்சி?" என்று சிரித்து, பின்னால் இருந்தவர்களுக்குக் கை காட்டி, அரை அடி அரை அடியாக ஒதுங்கி வழி விட்டார். துண்டுக்கடியில் அந்தப் பெண் கடைசிவரை ஏதோ முனகிக்கொண்டேதான் வந்தாள்.

நூலகத்தில் பொறுப்பில் இருக்கும் ரோஸ்மேரி அம்மா பதிவேட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கிருந்து என்றார், புளியந்தோப்பு என்றேன். எப்போது கிளம்பினாய் என்றார், எட்டரைக்கு என்றேன். "நடந்து வந்திருந்தாகூட இன்னேரம் வந்திருப்பியேம்மா" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் நைனா வேன் மேல் சாய்ந்து நிற்கிறார், நான் தலையசைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைக்கிறார். காய்ந்த கண்ணாடி, அதைத் துடைக்க என்ன இருக்கிறது?

ஆகவே அண்ணா, வருத்தப்படாதே. பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். சனிக்கிழமை விமானம் ஏறும் ராசையா அண்ணனிடம் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிடுவேன். அது சிங்கப்பூருக்கு நல்ல பெட்டிதான். ஆனால் சந்தின் அகலமும் படிக்கட்டும் கடல் எதுவரை வந்திருக்கிறது என்பதும் தெரியாத ஒன்றை நம்பி வடசென்னையில் வண்டி ஓட்டக்கூடாது. எதிரில் இருப்பதைப் பார்க்காமல் திரையில் ஓடும் கோட்டை மட்டும் பார்ப்பதுதான் அதன் எல்லை என்று இப்போது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. நைனாவுக்கு நீ எழுதும்போது பெட்டி நன்றாக உழைத்ததாகக் கேள்விப்பட்டேன் என்று மட்டும் எழுது.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள், முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்கிறாள். நைனா தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார். நீ போகும் வழியெல்லாம் உனக்கு அகலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை,
கார்குழலி
(நூலகர் என்று போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. போட்டுவிட்டேன்.)

பி.கு.: வெள்ளிக்கிழமை, நூலக விடுமுறை. ராசையா அண்ணன் தரும் பொட்டலத்தில் கருவாடு மட்டும்தான் இருக்கும், பெட்டியைத் தேடாதே. நேற்று மாலை எதிர்வீட்டு ஷாலு அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நடந்து போறவங்களுக்குன்னு போட்டு வச்சிகீற?" என்றாள். திரையின் மூலையில் ஒரு சின்ன மனிதன் காலை வீசி நடந்துகொண்டிருக்கிறான். அந்த மூன்று படங்கள் கார், சைக்கிள், மனிதன். யார் போகிறீர்கள் என்று கேட்கிறது போலும் என்று நினைத்து மனிதனைத் தொட்டவள் நான்தான், இத்தனை புத்தகம் படித்த நான். திங்கட்கிழமை முழுக்க அந்தப் பெட்டிக்காரி எங்களை எண்ணூருக்கு நடத்தியே கூட்டிப் போயிருக்கிறாள். சந்தும் சரி, படிக்கட்டும் சரி, 11.40 என்றதும் சரி. ரோஸ்மேரி அம்மா சொன்னதும் சரி. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, கடல் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவை. பயந்துகொண்டே நைனாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப என் புள்ள தப்பா சொல்லல" என்று மூன்று முறை சொன்னார். டாக்டர் இரண்டு வருடமாக நடக்கச் சொல்லியும் நடக்காதவர், இன்று விடிந்ததும் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய்த் திரும்பினார். எங்கே போனாய் என்று அம்மா கேட்டதற்கு, தெரு முழுக்கக் கேட்கும்படி, "தீனா இட்டுகினு போனான்" என்றார்.